ஒரு நாளில் ஏற்காடு: நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் வீடு இருப்பவனுக்கு ஒரு தொல்லை உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் கல்லூரித் தோழர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, "மச்சி, இந்த ஞாயிறு ஏற்காடு போலாமா?" என்று வாட்ஸாப் குழுவைத் தட்டி எழுப்புவார்கள். உடனே கேள்விகள் வரிசை கட்டும். ஒவ்வொரு தடவையும் அதே கேள்விகள்தான். பதில் தட்டித் தட்டி விரல் தேய்ந்துவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரே நாள் போதுமா?

தாராளமாகப் போதும். ஆனால் கையில் இருக்கும் பட்டியலைப் பாதியாகக் கிழித்துப் போட வேண்டும். ஏற்காட்டில் எதற்கெடுத்தாலும் ஒரு 'பாயிண்ட்', ஒரு 'சீட்' உண்டு. லேடி சீட் இருக்கிறது, ஜென்ட்ஸ் சீட் இருக்கிறது, பிள்ளைகளுக்கும் தனியாக ஒன்று இருக்கிறது. வாடகைக் காரில் ஏறினால் அத்தனையையும் காட்டிவிடுவார்கள். ஓர் இடத்துக்குப் பத்து நிமிடம், ஒரு செல்ஃபி, ஒரு சோளக்கதிர், மறுபடி கார். மாலையில் போனைத் திறந்து பார்த்தால் எந்தப் படம் எந்த இடம் என்று உங்களுக்கே தெரியாது.

நான் அழைத்துப் போகிறவர்களுக்கு ஐந்தே இடம்: சேர்வராயன் கோயில், பகோடா பாயிண்ட், தாவரவியல் தோட்டம், கிளியூர் அருவி, கடைசியாக லேடி சீட். இதில் இரண்டு இடத்துக்காவது நடந்துதான் போக வேண்டும் என்பது என் நிபந்தனை. முணுமுணுப்பார்கள். ஏற்காட்டின் அழகு இரண்டு பாயிண்ட்டுக்கு நடுவில் இருக்கிற சாலையில்தான் இருக்கிறது. இருபக்கமும் காப்பித் தோட்டம், அதற்குமேல் குடை பிடித்த மாதிரி சில்வர் ஓக், அதைச் சுற்றி ஏறிய மிளகுக்கொடி. காரில் போனால் இது வெறும் பச்சைச் சுவர்.

ஊட்டி மாதிரி குளிருமா?

குளிராது. ஊட்டி 2,240 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,515 மீட்டர். 'ஏழைகளின் ஊட்டி' என்று இதைச் சொல்வார்கள், எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. ஊட்டிக்குப் பதிலாக வருகிற ஊர் இல்லை இது, வேறு ஊர்.

கணக்கு சுலபம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே உயர வித்தியாசம் 1,200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதாவது சேலத்தில் 38 டிகிரியில் வெந்துகொண்டிருந்தால் மேலே 30. மே மாத மதியத்தில் ஏற்காட்டிலும் வெயில் உறைக்கும். வந்து இறங்கியதும் "என்னடா, ஏசி போட்ட மாதிரி இருக்கும்னு சொன்னே" என்று என்மேல் பாய வேண்டாம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும். ஒரு நாள் பயணத்துக்கு எந்த மாதமானாலும் ஒரு மெல்லிய ஜெர்கின் போதும்.

எப்படிப் போவது? பஸ்ஸா, காரா, பைக்கா?

சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கி.மீ. புதிய பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினால் அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். நான்கு பேருக்குக் குறைவாக இருந்தால் பஸ்தான் என் சிபாரிசு. ஜன்னலோரம் உட்காருங்கள். ஒவ்வொரு வளைவிலும் சேலம் ஒரு தடவை இடதுபக்கம் தெரியும், ஒரு தடவை வலதுபக்கம் தெரியும், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சின்னதாகத் தெரியும்.

இன்னொரு வழி குப்பனூர் வழியாக. சுற்று அதிகம், ஆனால் வளைவுகள் குறைவு, வண்டிக் கூட்டமும் குறைவு. கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏறச் சொல்லி, குப்பனூர் வழியாக இறங்கச் சொல்வது வழக்கம். பெருமழை பெய்து பிரதான மலைப்பாதையில் மண் சரிந்தாலும் இந்த வழிதான் கைகொடுக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அப்படித்தான் ஆனது. மழைக்காலத்தில் கிளம்பும் முன் காலைச் செய்தியை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பைக்கில் வருகிறவர்களுக்கு: பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட். இறங்கும் விஷயத்தைத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன், அதைப் படிக்காமல் பைக்கைத் தொடாதீர்கள்.

இ-பாஸ் எடுக்க வேண்டுமா?

வெளியூர் வண்டிகள் மலையேறுவதற்கு என்று 2024 மே 7 முதல் வந்த அந்த இ-பாஸ் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்தான்.

இருபது வளைவா? எனக்கு வாந்தி வருமே!

எங்கள் கூட்டத்தில் ஒருவன் இருக்கிறான். ஐந்தாவது வளைவில் பேச்சை நிறுத்துவான், ஒன்பதாவதில் கண்ணை மூடுவான், பதினொன்றில் "ஓரமா நிறுத்துங்க" என்பான். ஆறு வருடமாக ஒரு தடவை தவறியதில்லை. கடைசியில் மூன்று விஷயத்தை மாற்றினோம், சரியாகிவிட்டது. ஒன்று, முன்சீட். சாலை வளைவதைக் கண் முன்கூட்டியே பார்த்தால் வயிறு அவ்வளவு குழம்பாது. இரண்டு, ஏறும்போது போனைப் பார்க்கக் கூடாது. மூன்று, கீழே நெய் ரோஸ்ட், பொங்கல், வடை என்று கட்டு கட்டிவிட்டு ஏறக் கூடாது. இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்தை மேலே போய் வைத்துக்கொள்ளலாம். மாத்திரை போடுகிறவர்கள் அடிவாரத்தில் போட்டுப் பயனில்லை, வீட்டிலிருந்து கிளம்பும்போதே போட்டுவிட வேண்டும்.

எத்தனை மணிக்குக் கிளம்புவது?

ஐந்தரை. "ஏழரை வெச்சுக்கலாமே" என்று எல்லாரும் பேரம் பேசுவார்கள். பேசட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு மேல் அடிவாரத்தில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். மேலே ஏரியைச் சுற்றிய சாலையில் அதைவிட நெரிசல். ஏழு மணிக்கே மலைமேல் இருந்தால் சேர்வராயன் கோயிலில் நீங்களும் காற்றும்தான்.

ட்ரெக்கிங் போகலாமா? அடிவாரத்திலிருந்து ஏறிவிடலாம் என்கிறானே ஒருவன்?

அந்த ஒருவனைக் கொஞ்சம் அடக்குங்கள். மலைச்சரிவில் பெரும்பகுதி காப்புக்காடு. முன்பு ஆட்கள் குறுக்குப் பாதையில் ஏறி இறங்கியது உண்மைதான், அதற்காக இன்று நாம் கூட்டமாகப் புகுந்துவிட முடியாது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்தது. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவது குற்றம். அபராதத்தோடு போனால் அதிர்ஷ்டம்.

முறையாகப் போக வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாநிலம் முழுக்க 40 பாதைகள். ஆன்லைனில் பதிவு செய்து பணம் கட்டினால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். நம் பக்கம் அதில் உள்ள ஒன்று கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூர் ஏறும் பாதை. சேலம் நகரத்தை ஒட்டியே தொடங்கி மலைமேல் முடிகிறது. காட்டுத்தீ பயம் உள்ள கோடைத் தொடக்கத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், ஆகவே மார்ச்சில் கிளம்பத் திட்டம் போடாதீர்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஏற்றத்தையும் ஐந்து இடங்களையும் ஒரே நாளில் அடைக்க முடியாது. ஏறினால் அன்று அதுதான். மேலே வந்து ஒரு காப்பி, ஏரிக்கரையில் ஒரு மணி நேரம், பஸ் பிடித்து வீடு.

அனுமதி எதுவும் வேண்டாத நடை உண்டா?

அதைத்தான் நான் பெரும்பாலும் செய்கிறேன். எல்லாமே ஊர்ச்சாலைதான். ஏரியிலிருந்து லேடி சீட் ஏறக்குறைய 2 கி.மீ. கிளியூர் அருவி 3 கி.மீ. இன்னும் கால் தாங்கும் என்றால் சேர்வராயன் கோயிலுக்குப் பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போய், திரும்பும்போது நடந்து வாருங்கள். ஆறு ஏழு கி.மீ. இருக்கும், பெரும்பாலும் இறக்கம். வழியில் கரடிக் குகைப் பக்கம் திரும்புகிற சாலையைக் காட்டுவார்கள். நேரம் இருந்தால் எட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை.

நடக்கும்போது எஸ்டேட் கேட் திறந்திருக்கிறதே என்று உள்ளே போகக் கூடாது. அது ஒருவருடைய தோட்டம். காப்பிப் பழம் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும்போது கை நீளும், புரிகிறது. வேலியோரம் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சேர்வராயன் கோயிலில் என்ன இருக்கிறது?

முதலில் காற்று இருக்கிறது. 1,623 மீட்டர், இந்த மலையின் உச்சி. மற்ற மலைகளின் உச்சி போலக் கூராக இருக்காது, விளையாட்டு மைதானம் போலத் தட்டையாக விரிந்து கிடக்கும். அதில் புல். காலையில் நடந்தால் சாக்ஸ் நனைந்துவிடும்.

திரும்பி வந்து ஷூவைப் பாருங்கள், செம்மண் அப்பியிருக்கும். இது சாதாரணச் செம்மண் இல்லை. இந்தத் தட்டை உச்சிகளில் பாக்சைட் என்ற அலுமினியத் தாது படிந்திருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஒருகாலத்தில் இங்கிருந்தும் கொல்லிமலையிலிருந்தும்தான் பாக்சைட் போனது. மலை உச்சி எப்படிச் சமையல் பாத்திரமாகிறது என்பதற்கு உங்கள் ஷூவில் ஒட்டியிருப்பதே சாட்சி என்று நான் சொன்னபோது, கூட வந்த இன்ஜினியர் ஒருவன் ஷூவைத் துடைக்காமலேயே பெங்களூருக்கு எடுத்துப் போனான்.

கோயில் என்றதும் கோபுரத்தைத் தேடாதீர்கள். குகைதான் கோயில். குனிந்து போக வேண்டும், உயரமானவர்கள் தலையில் இடித்துக்கொள்வது உறுதி. உள்ளே சேர்வராயன் சாமியும் காவேரி அம்மனும். கண் இருட்டுக்குப் பழக அரை நிமிடம் ஆகும், அதற்குள் பூசாரி திருநீறு நீட்டிவிடுவார். குகை அப்படியே நீண்டு காவிரி வரைக்கும் போகிறது என்பது மலைக்காரர்களின் நம்பிக்கை. மே மாதம் திருவிழா. சுற்றுப்பட்ட மலைக்கிராமங்கள் எல்லாம் அன்று இங்கேதான் இருக்கும். சுற்றுலாப் பயணி அன்று ஓரமாக நிற்பது நல்லது.

மலைக்காரர்கள் மலையாளிகளாமே? கேரளாவிலிருந்து வந்தவர்களா?

பத்தில் எட்டுப் பேர் இதைக் கேட்கிறார்கள். இல்லை. இங்கே 'மலையாளி' என்றால் மலையை ஆளும் மக்கள், மலைவாழ் பழங்குடியினர். பேசுவது தமிழ். சேர்வராயன், கல்வராயன், கொல்லி, ஜவ்வாது மலைகளில் இருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் மலையேறினார்கள் என்று அவர்களே கதை சொல்வார்கள். சட்டமன்றத்தில் ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. தமிழ்நாட்டில் அப்படி இருப்பவை இரண்டே, இன்னொன்று சேந்தமங்கலம். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் என்று உள்கிராமங்களுக்குப் போனால் வீட்டு வாசலில் காயும் மிளகையும் காப்பிக்கொட்டையையும் பார்க்கலாம். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். "அண்ணா, எடுத்துக்கட்டுமா?" என்ற ஒரு வார்த்தைக்கு வாடகை ஒன்றும் இல்லை.

ஏற்காடு என்ற பெயர் எப்படி வந்தது?

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு. ஏரி இன்றைக்கும் நடுவில் இருக்கிறது. காட்டின் இடத்தைப் பெரும்பாலும் காப்பித் தோட்டம் பிடித்துவிட்டது. அதற்குக் காரணமானவர் 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவர்தான் இங்கே காப்பியையும் பேரி, ஆப்பிள் போன்றவற்றையும் கொண்டுவந்து வைத்தவர். பேரி இன்னும் காய்க்கிறது.

பகோடா பாயிண்ட்டில் ஒன்றுமே தெரியவில்லை என்று போனவர்கள் சொல்கிறார்களே?

மூடுபனி. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மலையின் கிழக்கு ஓரம் அது. கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குவியல்களால் அந்தப் பெயர். பிரமிட் பாயிண்ட் என்றும் சொல்வார்கள். நடுவில் ஒரு ராமர் கோயில்.

போன நவம்பரில் நாங்கள் போனபோது கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சுவர். ஒருவன் கடுப்பாகி, "இதுக்கா தூக்கத்தைக் கெடுத்தே?" என்று கேட்டுவிட்டுக் கார் பக்கம் திரும்பினான். நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சேவல் கூவியது. அப்புறம் யாரோ மாட்டை அதட்டும் சத்தம், ஒரு பாத்திரம் கல்லில் உரசும் சத்தம். பனிக்குள்ளே ஓர் ஊர் இருப்பது காதுக்கு முதலில் தெரிந்தது. இருபது நிமிடம் போயிருக்கும், பனி ஓரிடத்தில் கிழிந்து ஓட்டுக்கூரைகள் நாலு தெரிந்தன. காக்கம்பாடி. மறுபடி மூடிக்கொண்டது. காரில் உட்கார்ந்திருந்தவன் அதைப் பார்க்கவில்லை, இன்றுவரை நான் புளுகுகிறேன் என்கிறான்.

ஆகவே பதில்: அரை மணி நேரமாவது இருங்கள். நீங்கள் உட்காரும் அந்தப் பாறைக்கு ஏறக்குறைய 250 கோடி வயது. சார்னோக்கைட் என்ற வகை. அது அவ்வளவு நாள் காத்திருக்கிறது, நீங்கள் அரை மணி இருந்தால் குறைந்துபோக மாட்டீர்கள்.

கிளியூர் அருவியில் தண்ணீர் இருக்குமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் மாதம் கேட்காமல் பதில் சொல்ல மாட்டேன். ஏரி நிரம்பி வழியும் உபரித் தண்ணீரும் சுற்றுப்பட்ட ஓடைகளும் சேர்ந்து விழுவதுதான் கிளியூர். மலையில் நல்ல மழை பெய்திருந்தால் 300 அடி உயரத்திலிருந்து இரைச்சலோடு கொட்டும். மார்ச், ஏப்ரலில் போனால் ஈரமான பாறையைத்தான் பார்ப்பீர்கள். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை போவது நல்லது. பெருமழை அன்று உள்ளே விடமாட்டார்கள், விட்டாலும் போகாதீர்கள். மேலே பெய்யும் மழை கீழே நிற்பவனுக்குச் சொல்லிவிட்டு வராது.

வண்டி ஓரளவுக்குத்தான் போகும், அதன் பிறகு நடைதான். இறங்கும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள், அதுதான் வம்பு. மற்ற இடங்களில் முதலில் ஏறி, களைத்த பிறகு இறங்குவோம். இங்கே தலைகீழ். குளித்துக் களைத்து, ஈர உடை ஒட்டிக்கொண்டு, வயிறு பசிக்கும்போதுதான் ஏற வேண்டும்.

ஒரு தடவை எங்களில் ஒருவன் புதுத் தோல்செருப்போடு வந்துவிட்டான். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழு. பாசிப் பாறையில் ஒரு கால் வைத்தான், உட்கார்ந்துவிட்டான், அப்படியே மூன்றடி வழுக்கினான். கணுக்கால் பிசகிவிட்டது. இரண்டு பேர் தோள் கொடுத்து, பத்துப் படிக்கு ஒருதடவை நின்று நின்று ஏற்றினோம். நாங்கள் மூச்சு வாங்கி நின்ற இடத்தில், கூடையில் நெல்லிக்காய் வைத்திருந்த ஒரு பாட்டி எங்களைத் தாண்டி ஏறிப் போனார். திரும்பிப் பார்த்து, "என்ன சாமி, செருப்பு போட்டுட்டா அருவிக்கு வருவாங்க?" என்றார். அவர் வெறுங்கால். மேலே போய் அவரிடமே உப்பு மிளகாய் தூவிய நெல்லிக்காய் வாங்கித் தின்றோம். சுளுக்கியவன்தான் அதிகம் தின்றான்.

எனவே: பிடிப்புள்ள ஷூ, மாற்று உடை, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். மூட்டுவலி உள்ளவர்கள் மேலேயே இருந்துகொள்ளலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

தாவரவியல் தோட்டம் போரடிக்காதா?

பூங்கா என்று நினைத்துப் போனால் போரடிக்கும். ஏரிப்பக்கம் இருக்கும் அண்ணா பூங்கா வேறு, இது வேறு. இது இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963-ல் தொடங்கிய ஆர்கிட் காப்பகம். பூக்காத நாளில் ஆர்கிட் என்பது கட்டையில் ஒட்டிய காய்ந்த இலை மாதிரிதான் இருக்கும், ஏமாறாதீர்கள். பூத்த நாளில் வேறு கதை. பூச்சி தின்னும் குடுவைச் செடி இருக்கிறது. இலை நுனி நீண்டு குடுவையாகி, வாயில் ஒரு மூடியும் வைத்துக்கொண்டு நிற்கும். பூச்சி உள்ளே வழுக்கி விழுந்தால் ஏறமுடியாது. செருப்பு விஷயத்தில் அடிபட்ட நண்பன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். சேர்வராயன் மலைக்கே உரிய வெர்னோனியா வகை மரம் ஒன்றையும் இங்கே காப்பாற்றி வளர்க்கிறார்கள். மதிய வெயில் நேரத்துக்கு நல்ல இடம், நிழல் உண்டு.

காப்பி எப்போது பூக்கும்?

மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்துவிட்டால் அடுத்த பத்து நாளுக்குள் செடி முழுக்க வெள்ளையாகிவிடும். மல்லிகை மாதிரி வாசம். ஓரிரு நாள் இருக்கும், அவ்வளவுதான். திட்டம் போட்டு வந்து பார்க்க முடியாது. பழம் பறிப்பது நவம்பரிலிருந்து ஜனவரி வரை, அதை எவரும் பார்க்கலாம்.

காட்டெருமை வருமாமே?

வரும். காப்பித் தோட்டங்களுக்குள் நடமாடுவது இங்கே சாதாரணம். அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் சாலையைக் கடக்கும். கறுப்பு உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. அமைதியாக மேய்வதைப் பார்த்துப் பசுமாடு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு டன் எடை வரை இருக்கும். தூரத்தில் நின்றுவிடுங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், அதுவாகப் போகும். செல்ஃபிக்கு முதுகைக் காட்டி நிற்கிறவனை மட்டும் கூட்டத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.

குரங்குத் தொல்லை வேறு. கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் அதற்கு உணவு என்றே கணக்கு.

சரக்கு?

வேண்டாம். வியூ பாயிண்ட்டுக்குக் கீழே எட்டிப் பாருங்கள், எத்தனை பாட்டில் என்று. இருபது வளைவுக்கு ஒருவனாவது தெளிவாக இருக்க வேண்டும், எல்லாரும் தெளிவாக இருந்தால் இன்னும் விசேஷம்.

சாப்பாடு எங்கே?

ஒண்டிக்கடை ரவுண்டானாவைச் சுற்றியும் ஏரிப்பக்கமும் ஹோட்டல்கள் இருக்கின்றன. ஞாயிறு மதியம் ஒன்றரைக்குப் போனால் டேபிளுக்குக் காத்திருப்பீர்கள். பன்னிரண்டு மணிக்கே உட்கார்ந்துவிடுவது புத்திசாலித்தனம். கிராமப் பக்கம் போகிற திட்டம் இருந்தால் கட்டுச்சோறு எடுத்து வாருங்கள். புளிச்சோறும் உருளைக்கிழங்கும் சில்வர் ஓக் நிழலில் சாப்பிட்டால் அதற்கு ஈடு இல்லை. இலையையும் எச்சிலையும் திரும்ப எடுத்துப் போக ஒரு பை.

ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜியைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பனி இறங்குகிற நேரம், எண்ணெய்ச் சட்டியிலிருந்து வந்த சூடு ஆறாமல், நுனியைக் கடித்து 'ஸ்ஸ்' என்று காற்றை உள்ளிழுக்க வேண்டும். படகுச் சவாரிக்கு வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

வீட்டுக்கு என்ன வாங்குவது?

மிளகு, காப்பித்தூள். மிளகில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள்: நல்ல மணி மூழ்கும், சொத்தையும் பப்பாளி விதையும் மிதக்கும். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. காப்பித்தூளில் சிக்கரி எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். சீசனில் பேரி, கமலா ஆரஞ்சு, பலா. தேன் மட்டும் சாலையோரம் வாங்காதீர்கள் என்பது என் அனுபவம். ஒரு தடவை வாங்கிய பாட்டிலின் அடியில் இரண்டே வாரத்தில் வெல்லப்பாகு தங்கியிருந்தது.

லேடி சீட்டில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இருட்டில் இறங்கலாமா?

இது ஒன்றில்தான் எங்களுக்குள் வருடாவருடம் சண்டை. ஓர் ஆங்கிலேயப் பெண்மணி மாலையில் வந்து உட்கார்ந்து பார்ப்பாராம், அதனால் அந்தப் பெயர். கீழே மலைப்பாதை ரிப்பன் மாதிரி மடிந்து மடிந்து கிடக்கும். தூரத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரிவது மேக்னசைட் சுரங்கம். வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணைத் தண்ணீரும் மின்னும். சூரியன் இறங்கியதும் சேலத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். எங்கள் தெரு எது என்று விரல் நீட்டுவோம், ஆளுக்கொரு திசையில்.

பஸ்ஸில் வந்தவர்கள் கவலையில்லாமல் பார்க்கலாம், காலையிலேயே கண்டக்டரிடம் கடைசி பஸ் நேரத்தைக் கேட்டு வைத்திருந்தால். சொந்த வண்டியில் மலை ஓட்டிப் பழக்கம் இல்லாதவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். விளக்குகளை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம். 2024 ஏப்ரல் 30 அன்று 13-ஆவது வளைவில் தனியார் பேருந்து ஒன்று கவிழ்ந்து உயிர்கள் போயின. ஓட்டிப் பழகியவர்களுக்கும் இந்தப் பாதை சலுகை தராது.

இறங்கும்போது: ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும், இரண்டாவது அல்லது முதலாவது. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் முழுப் பாரத்தையும் பிரேக் மேல் போடுகிறார்கள். பிரேக் சூடேறினால் பிடிப்பு போய்விடும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எஞ்சின் பிடிப்பு குறைவு, அதனால் அது இந்த மலைக்கு உகந்தது இல்லை. எடுத்து வந்துவிட்டால் நடுநடுவே நிறுத்தி பிரேக்கை ஆறவிடுங்கள். கருகிய வாடை வந்தால் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். வளைவில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. வளைவுக்கு முன் ஹாரன், வளைவுக்குள் ஓவர்டேக் கிடையாது.

கோடை விழாவுக்கு வரலாமா?

மே மாதம். மலர்க்கண்காட்சி, கலை நிகழ்ச்சிகள். குழந்தைகள் உள்ள குடும்பம் என்றால் வாருங்கள். நடக்கலாம் என்று நினைக்கும் நண்பர் கூட்டம் என்றால், வார நாளில் வேறு எந்த மாதமானாலும் வாருங்கள். நான் அந்த நாட்களில் ஊரிலேயே இருந்துகொண்டு மாம்பழம் தின்பேன்.

சேலத்துக்கு இறங்கியபின் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. என்ன செய்வது?

தட்டுவடை செட். சேலத்துக்காரன் வேறு எந்தப் பதிலும் சொன்னால் நம்பாதீர்கள். உள்ளங்கை அகலத் தட்டுவடை இரண்டு, நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், மேலே காரச் சட்னியும் புதினாச் சட்னியும். ஒரே வாயில் போட வேண்டும், கடித்துத் தின்றால் சட்டையில் கொட்டும். சாயங்காலத் தள்ளுவண்டிகளில் எங்கும் கிடைக்கும். தட்டில் ஆறேழு இருக்கும். ஒரு தட்டு முடிந்ததும் கடைக்காரரிடம் நொறுக்கல் கேளுங்கள். அதே தட்டுவடையை நொறுக்கிப் போட்டு, காய்கறியும் சட்னியும் கலந்து தருவார். இன்னும் பசி இருந்தால் முட்டை நொறுக்கல். ஜங்ஷனுக்கு ஆட்டோவில் போக இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது தட்டுக்குப் போகாவிட்டால் வண்டியைப் பிடித்துவிடலாம்.